இன்று கொட்டும் முடி மூன்று மாதத்துக்கு முன்பே விடைபெற்றது

கடுமையான காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாசகி எழுதியிருந்தார். காய்ச்சலின்போது முடி கொட்டவே இல்லையாம். உடம்பு தேறி மூன்று மாதம் ஆன பிறகு, தலை வாரினாலே கொத்துக் கொத்தாக வருகிறதாம். போன வாரம் ஷாம்புவை மாற்றியதுதான் காரணமா என்று கேட்கிறார்.

ஷாம்பு காரணமில்லை, காய்ச்சல்தான் காரணம். அப்படியென்றால் நடுவில் அந்த மூன்று மாதம் எதற்கு? முடி உதிர்வின் பல வகைகளைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்ல வழி.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முடியை வளர்க்கும். அப்புறம் இரண்டு, மூன்று வாரத்தில் சுருங்கி, மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும். ஓய்வு முடியும்போது பழைய முடி விழும், புதியது முளைக்கும். எந்த நாளில் எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஒரு பங்கு ஓய்வில் இருக்கும். அதாவது பத்தாயிரம் முடி, நூறு நாளுக்குள் விழ வேண்டியவை. வகுத்துப் பாருங்கள், நாளுக்கு நூறு வரும். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

பல விலங்குகளுக்குப் பருவம் மாறும்போது ரோமம் மொத்தமாக உதிரும். நம் தலையில் ஒவ்வொரு மயிர்க்காலும் தன் போக்கில் சுற்றுவதால் உதிர்வது கண்ணில் படுவதில்லை. கடும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினிபோல உணவைக் குறைப்பது, அதிக ரத்த இழப்பு என்று உடம்புக்கு ஒரு பெரிய அடி விழும்போது வளர்ந்துகொண்டிருந்த ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்விலும் முடி உறுதியாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். ஓய்வுக்காலம் முடியும்போதுதான் எல்லாம் சேர்ந்து விழும். மூன்று மாதத் தாமதம் அங்கிருந்துதான் வருகிறது. ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் 1961இல் இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார். பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டுவதும் இதே கதைதான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் பல முடிகளை வளர்ச்சியிலேயே பிடித்து வைத்திருக்கும். பிரசவமானதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

சீப்பில் வந்த முடி ஒன்றைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் தெரியும். வேரோடு வந்துவிட்டது என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை. வளர்ச்சி நின்றபோது நிறமி சேர்வதும் நின்றுபோய், கெட்டிப்பட்ட முடியின் அடிமுனை. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. குமிழே இல்லாமல் இரண்டு முனையும் வெட்டுப்பட்டதுபோல் இருந்தால், முடி உதிரவில்லை, நடுவில் ஒடிந்திருக்கிறது என்று பொருள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மயிர்க்காலின் அடி ஆழத்தில் பாப்பில்லா என்ற சிறு செல்திரள் உட்கார்ந்திருக்கிறது. முடியை வளரச் சொல்லும் கட்டளைகள் அதிலிருந்துதான் போகின்றன. கட்டளையைக் கேட்டு வேலையைத் தொடங்க வேண்டிய ஸ்டெம் செல்களோ (புதிய செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்) மேலே, தோலின் மேற்பரப்புக்கு அருகில், மயிர்க்காலின் ஒரு புடைப்பில் இருக்கின்றன. முடி வளரும் காலத்தில் இரண்டுக்கும் நடுவில் நல்ல தூரம். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்க வேண்டுமானால் இரண்டும் பக்கத்தில் வந்தாக வேண்டும். அதற்காக மயிர்க்காலின் கீழ்ப் பகுதி முழுவதும் தானே செத்துக் கரைகிறது, பாப்பில்லா மேலே ஏறி ஸ்டெம் செல்களின் காலடிக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து அது அனுப்பும் சமிக்ஞைகள் அவற்றை எழுப்ப, புதிய மயிர்க்கால் மறுபடி கீழ்நோக்கித் தோண்டிக்கொண்டு இறங்குகிறது. ஆயுள் முழுக்க இப்படித் தன்னைப் பாதி இடித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளும் உறுப்பு நம் உடம்பில் வேறு எது?

அந்தப் பாப்பில்லாவை மேலே ஏற்றுவது யார்? நியூயார்க்கில் மைக்கேல் ரெண்டலின் ஆய்வுக்குழு 2020இல் இதற்குப் பதில் சொன்னது. மயிர்க்காலைச் சுற்றியுள்ள மெல்லிய உறை, குடல் தசையைப் போலவே சுருங்கக் கூடியது. அது கீழிருந்து இறுக்கி இறுக்கிப் பாப்பில்லாவை மேலே தள்ளுகிறது. எலிகளில் அந்தச் சுருக்கத்தைத் தடுத்தபோது பாப்பில்லா கீழேயே தங்கிவிட்டது.

அது மேலே வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிலேயே சாட்சி உண்டு. ஹேர்லெஸ் என்ற மரபணு பழுதான குழந்தைகள் முடியோடுதான் பிறக்கிறார்கள். முதல் சுற்று முடிந்து அந்த முடி விழுந்த பிறகு மறுபடி முளைப்பதே இல்லை. ஏஞ்சலா கிறிஸ்டியானோவின் குழு 1998இல் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தில் இந்தப் பழுதைக் கண்டறிந்தது. இதே மரபணு கெட்ட எலிகளில் பாப்பில்லா மேலே ஏறாமல் பின்தங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு செல்திரள் எப்படி மேலே நகர்கிறது என்ற கேள்விக்குத் தைலம் விற்கும் எந்த நிறுவனமும் பணம் தராது. பொதுப்பணம்தான் தர வேண்டும். உடனடிப் பலன் என்ன என்று கேட்டே இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு நிதியை வெட்டுவது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

சரி, வழுக்கைக்கு வருவோம். அங்கே சுற்று நிற்பதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் பாப்பில்லா சிறுத்துக்கொண்டே போகிறது. வளர்ச்சிக் காலம் ஆண்டுகளிலிருந்து மாதங்களாகக் குறைகிறது, தடித்த முடி கடைசியில் பூனைமுடியாகிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன்தான் இதை முடுக்குகிறது. தாடியை அடர்த்தியாக்கும் அதே ஹார்மோன் உச்சந்தலை முடியை மெலிய வைப்பது விந்தைதான். வித்தியாசம் மயிர்க்காலுக்குள்ளேயே இருக்கிறது. நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் காட்டியதும் அதைத்தான்: பின்தலை மயிர்க்காலை எடுத்து வழுக்கையில் நட்டாலும், அது பின்தலையில் இருந்ததுபோலவே வளர்ந்தது. முடி மாற்று சிகிச்சை முழுவதும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. அம்மாவழித் தாத்தாவைப் பார்த்தால் போதும் என்பது பாதி உண்மை. முக்கியமான ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது நிஜம், ஆனால் இரு வழியிலிருந்தும் பல மரபணுக்கள் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பெண்களுக்குப் பெரும்பாலும் முன்நெற்றி முடி அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும்.

புழுவெட்டில் உடம்பின் எதிர்ப்புச் செல்களே வளரும் மயிர்க்காலைத் தாக்குகின்றன. வட்ட வட்டமாக உதிரும், ஓரங்களில் அடி மெலிந்த குட்டை முடிகள் நிற்கும். ஸ்டெம் செல்கள் தப்பிவிடுவதால் முடி திரும்பி வர வாய்ப்பு உண்டு. கடுமையான புழுவெட்டுக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அனுமதித்தது. புற்றுநோய்க்கான கீமோதெரபியிலோ மூன்று மாதமெல்லாம் ஆகாது, இரண்டு மூன்று வாரத்திலேயே கொட்டிவிடும். மருந்து ஓய்வுக்கு அனுப்பாமல், வேகமாகப் பெருகும் செல்களையே நேராக அடித்துவிடுகிறது.

அந்த வாசகிக்கு ஒரு நல்ல செய்தி. விழும் முடிக்கு அடியில் பெரும்பாலும் புதியது ஏற்கெனவே முளைத்திருக்கும், பால்பல் விழும்போது உள்ளே அடுத்த பல் தயாராக இருப்பதுபோல. காரணம் நீங்கிவிட்டால் சுமார் ஆறு மாதத்தில் உதிர்வு தானாகவே அடங்கும். போலி மருந்துகள் பிழைப்பதும் இதை வைத்துத்தான். கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போது எதைத் தடவத் தொடங்கினாலும், அடுத்த சில மாதங்களில் முடி வளரத்தான் செய்யும். பேர் தைலத்துக்குப் போகும். தலைக்குக் குளித்தால் கொட்டும் என்று பயந்து குளிப்பதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நான்கு நாளில் விழ வேண்டியவை ஒரே நாளில் சேர்ந்து வரும், அவ்வளவே.

ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் தைராய்டையும் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்வார்கள். பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை ரத்தம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அது சில பரிசோதனை முறைகளில் குறுக்கிட்டு, சரியாக இருக்கும் தைராய்டைக்கூட மிகையாகச் சுரப்பதுபோல் காட்டிவிடும்.

காத்திருக்கவே கூடாத வகை ஒன்று உண்டு. தழும்பு விழும் உதிர்வுகளில் அந்தப் புடைப்பில் இருக்கும் ஸ்டெம் செல்களே அழிந்துவிடுகின்றன. எழுப்புவதற்கு ஆள் இல்லாததால் அங்கே முடி திரும்பாது. உதிர்ந்த இடத்தில் மயிர்க்கால் துளைகளே தெரியாமல் தோல் வழவழவென்று மினுங்கினாலோ, எரிச்சலும் வலியும் சேர்ந்து இருந்தாலோ, அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். இழந்ததை மீட்க முடியாவிட்டாலும், பரவுவதை மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம்.