பொலித்தீன் பையும் கடைக்காரரின் கணினியும்

சென்ற மாதம் ஒரு கடிதத்தை அச்சிட மாங்குளம் பக்கம் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி யாருக்கோ ரீலோட் போட்டுக்கொண்டிருந்தார். "சேர், நீங்களே தேடி எடுங்கள்" என்று கணினியை என் பக்கம் திருப்பிவிட்டார். என் கடிதம் கண்ணில் படுவதற்கு முன் ஊரே கண்ணில் பட்டது. அடையாள அட்டைகளின் இரு பக்கங்கள், வங்கிப் புத்தகங்கள், காணி அனுமதிப்பத்திரங்கள், ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை. சில மூன்று வருடப் பழையவை.

அந்தத் தம்பி கெட்டவர் அல்லர். "வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பிரிண்ட் எடுத்துத் தருகிறேன்" என்பார். வந்ததெல்லாம் கணினியில் தங்கிவிடும். அழிக்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை.

வன்னியில் பல வருடமாகக் கணினி கற்பிக்கிறேன். என் வகுப்புக்கு வரும் அம்மாமார் பலர், 2009இல் பிறப்புச் சான்றிதழையும் காணிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து முள்ளிவாய்க்கால்வரை போய், மெனிக் பாம் முகாமுக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்கள். அதே பத்திரத்தின் படத்தை இன்று முன்பின் தெரியாத இலக்கத்துக்கு அனுப்புகிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. காகிதம் கைக்குத் திரும்பிவிட்டதே, வேறென்ன போயிற்று? அதோடு, முகாமில் தொடங்கி மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், நுண்கடன் என்று படிவத்தோடு வந்த எல்லோருக்கும் விபரம் கொடுத்தே வாழ்ந்த சனம் இது. கொடுக்காவிட்டால் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடும் என்ற பயம். "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லை.

அடையாள அட்டை இலக்கத்திலேயே ஆளின் விபரம் இருக்கிறது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டுக்கு மட்டும் இரண்டு இலக்கம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவன் பிறந்த திகதியைத் தானே சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, அதாவது ஓ.டி.பி.யை, கேட்பது அதன்பிறகுதான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அதற்கு மட்டும், தேவையான காலம் மட்டும் வைத்திருக்கச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் தனக்கென்று ஒரு தொலைபேசி வைத்து, தானே வாசித்துச் சம்மதம் கொடுக்கும் ஒருவரை நினைத்தே அதை எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இங்கே ஒரு தொலைபேசியை வீடு முழுவதும் பாவிக்கும். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான விண்ணப்பத்தை நிரப்பியவன் பக்கத்து வீட்டுப் பையன், கடவுச்சொல் அவனிடம், அவன் இப்போது கட்டாரில். வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில். (1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. அந்தச் செய்தி குறுஞ்செய்தி அனுப்புபவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.) எங்கள் கிராமங்களில் அரசாங்கத்தின் இணைய வாசல் இந்தக் கடைகள்தான். பிரதேச செயலகங்கள் ஒரு நாள் இவர்களைக் கூட்டி, எதை வைத்திருக்கலாம், எதை அழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடையாள அட்டைப் பிரதியில் குறுக்காக இரண்டு கோடு போட்டு, நடுவில் எதற்குக் கொடுக்கிறோம் என்பதையும் திகதியையும் எழுதுங்கள். அச்சிட்டு முடிந்ததும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பொலிஸுக்கு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அன்று கடைக்காரத் தம்பியோடு இருந்து அந்தக் கோப்புகளையெல்லாம் அழித்தேன். முடிந்தது என்று எழும்பப் போனவரிடம் ரீசைக்கிள் பின்னைக் காட்டினேன்.

"அதற்குள்ளும் இருக்குமா, சேர்?"

இருந்தது. அதையும் வெறுமையாக்கினோம். கடை சாத்தும் நேரமாயிற்று. அவருடைய தொலைபேசி இன்னும் மிச்சம்.