கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகினால் கார் வந்துவிடுமா?

"எங்க பையன் வீட்லயே ஸ்டியரிங் வச்சு கம்ப்யூட்டர்ல ஓட்டுறான் மாஸ்டர், பாதி கிளாஸ் போதும்ல?" லீவு விட்டதும் வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்திலிருந்து வரும் பெற்றோர் பலர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் என்னிடம் இப்போது இப்படித்தான் கேட்கிறார்கள். போதாது. ஆனால் பையன் ஓட்டியது வீணும் இல்லை.

புதிதாக வருபவர் கியர் மாற்றக் குனிந்து பார்ப்பார். அந்த நொடியில் ரோடு கண்ணை விட்டுப் போய்விடும். கிளட்ச், கியர், பிறகு மெதுவாகக் காலை விடுவது என்ற வரிசை கைகாலுக்கு முன்பே பழகியிருந்தால் கண் ரோட்டிலேயே இருக்கும். இப்படிக் கம்ப்யூட்டரில் நிஜம் போல ஓட்டிப் பழகும் சிமுலேட்டரால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். கீபோர்டில் ஓட்டினால் அது கிடைக்காது. மூன்று பெடல், தனி கியர் லிவர், 900 டிகிரி சுற்றும் ஸ்டியரிங் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் செட்டிங்கை அணைத்துவிட வேண்டும். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி கேம் ஓட்டுகிற பையன்கள் பிரிட்டன் சாலைகளுக்குப் போகட்டும், அங்கேதான் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுவார்கள். மற்ற ஐரோப்பிய ரோட்டில் பழகிவிட்டு வந்தவர்களுக்கு வலது திருப்பத்தில் எந்தப் பக்கம் போய்ச் சேர்வது என்று குழப்பம் வருகிறது.

மேடு வேறு கதை. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் டிராஃபிக் நிற்கும், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். ஒரு கல்லூரி மாணவர், சமதளத்தில் ஒருமுறைகூட வண்டியை ஆஃப் செய்யாதவர், அங்கே வீட்டுப் பழக்கத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டார். வண்டி நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொல்லி, கிளட்சைப் பாதி வரைக்கும் (ஹாஃப் கிளட்ச்) விடச் சொன்னேன். பானெட் லேசாகத் தூக்கியது, சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு வந்தது. "இதுதானா மாஸ்டர்?" என்றார். வரிசை அவருக்கு முன்பே தெரியும். அந்த அதிர்வைத் தரும் சீட்டு அவர் வீட்டில் இல்லை.

என்னைப் பயமுறுத்துவது பிரேக்தான். சாதாரண கேம் பெடலுக்குள் இருப்பது வெறும் ஸ்பிரிங், மிதித்து மிதித்துக் கால் முரட்டுத்தனமாகிவிடுகிறது. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் அதே காலோடு மிதித்தால் பின்னால் வரும் ஷேர் ஆட்டோ நம் டிக்கியில்தான் நிற்கும். வேகமும் அப்படித்தான். திரை சின்னது, பக்கவாட்டுக் காட்சி குறைவு, அதனால் 60 கிலோமீட்டர் வேகம் அங்கே ஊர்வது போலத் தெரியும். நிஜத்தில் அது நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். சர்வீஸ் ரோட்டில் ஒரு பாட்டி குறுக்கே வந்தால் ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது.

பிரிட்டனில் 2002 முதல் லைசென்ஸ் கேட்பவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வரப்போகும் ஆபத்தை வீடியோவில் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சிமுலேட்டரிலும் வளர்க்கலாம். ஓட்டிக்கொண்டே "அந்த வண்டி திரும்பப் போகுது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிறகு நம்மூர் ரோட்டில், நிற்கும் பஸ்ஸின் அடியில் தெரியும் கால்களைப் பார்ப்பது தானாக வரும்.

சிமுலேட்டரை அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் அது இருந்தாக வேண்டும் என்பது 2021 விதி. அதே விதியில்தான் கார் பயிற்சிக்கான 29 மணி நேரத்தில் 21 மணி நேரம் செய்முறைக்கு என்றும் இருக்கிறது.

பதினாறு வயதுப் பையன் கம்ப்யூட்டரில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டட்டும். "நல்லாத்தான் ஓட்டுறானே" என்று கார் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

18 ஆனவர்கள் எல்.எல்.ஆர் எடுத்த பிறகு, பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன் ஓட்டிக் காட்ட எப்படியும் 30 நாள் காத்திருக்க வேண்டும். கார் கிளாஸோடு சேர்த்து வீட்டில் தினமும் கால் மணி நேரம் ஓட்டலாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள், வண்டி ஓடுகிறது என்று கண் சொல்கிறது, ஓடவில்லை என்று உடம்பு சொல்கிறது, அதனால் வருவது அது. முதல் நாளே மாஸ்டரிடம் எந்த கேம், எந்த பெடல் என்று சொல்லிவிடுங்கள். நானாக இருந்தால் பாடத்தை பிரேக்கிலிருந்து ஆரம்பிப்பேன்.