சிரிக்கிறான்னு அடிச்சிட்டீங்களே சார்

இந்த மாசத்துல இது மூணாவது கேஸ். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்கிறதால வளர்ச்சி மெதுவா இருக்கிற நிலை) உள்ள ஒன்பது வயசு பையன், கன்னத்துல விரல் தடம் தெரியுது. லேப்டாப் மேல தண்ணிய கொட்டிட்டானாம். "நான் கத்துறேன் மேடம், என் மூஞ்சியப் பாத்து சிரிக்கிறான், எவ்ளோ திமிரு பாருங்க"ன்றார் அப்பா.

நான் பதில் சொல்லாம மேஜைல நாலு முக அட்டைய பரப்பினேன். சிரிக்கிற முகம், அழற முகம் ரெண்டையும் டக்குனு எடுத்துட்டான். கோவமான முகத்துக்கு ரொம்ப நேரம் யோசிச்சு தப்பா எடுத்தான். பயந்த முகத்தைக் காட்டி இது என்னடா கண்ணான்னா, "ஹேப்பி"ன்றான். வாய் திறந்திருக்கு, பல்லு தெரியுது, அவன் கணக்குல அது சிரிப்பு. அப்பா கீழ குனிஞ்சுட்டார்.

இவன் மட்டும் இல்லங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு பயத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் ரொம்ப கஷ்டம்னு ஆராய்ச்சியிலயும் திரும்பத் திரும்ப வந்திருக்கு, கோவம் சோகத்தைக்கூட சில நேரம் சந்தோஷம்னு எடுத்துப்பாங்க. யாராவது அழுதா முதல்ல ஓடிப்போய் கட்டிக்கிறதும் இவங்கதான், ஆனா ஏன் அழறாங்கன்னு கேட்டா முழிப்பாங்க.

எனக்கு எரிச்சல் வர்றது எதுலன்னா, "இவங்க தெய்வக் குழந்தைங்க, எப்பவும் சிரிச்சுட்டே இருப்பாங்க, கவலையே தெரியாது"ன்றதுலதான். சொந்தக்காரங்க சொல்றாங்க, டீச்சருங்க சொல்றாங்க, சில டாக்டருங்களும் சொல்றாங்க. 21வது குரோமோசோம் ஒண்ணு கூட இருந்தா சந்தோஷமும் ஒண்ணு கூட வந்துடுமா? கோவம், பொறாமை, வெட்கம், துக்கம் எல்லாமே இருக்கு, அதை வாயால சொல்ற பேச்சுதான் லேட்டா வருது. என்கிட்ட வர்ற ஒரு பொண்ணு, பாட்டி இறந்ததுக்கப்புறம் "பாட்டி ஊருக்குப் போயிருக்கா"ன்னு சொல்லி வெச்சிருக்காங்க, அவ தினமும் பாட்டி கட்டில்ல போய் உக்காந்துக்குறா, சாப்பிட மாட்டேங்குறா, வீட்ல அதுக்கு வெச்ச பேரு அடம்.

காது டெஸ்ட் கடைசியா எப்ப எடுத்தீங்கன்னு கேட்டா பாதி பேர் ஃபேனைப் பாக்குறாங்க. நடுக்காதுல நீர் கோத்துக்கிறது இவங்களுக்கு சகஜம், அப்ப உங்க குரல்ல இருக்கிற கோவம் எங்க போய் சேரும்? கண்ணாடி வேணுமான்னும் பாருங்க, தைராய்டை வருஷா வருஷம் பாருங்க.

கோவம் வந்தா அவன் உயரத்துக்கு உக்காந்து, முகத்தைக் காட்டி, "அப்பாக்கு கோவம். தண்ணி கொட்டிடுச்சு." அவ்ளோதான், லெக்சர் வேணாம். சிரிச்சுட்டே "அடி வாங்கப் போற"ன்னு சொல்றதை தயவுசெஞ்சு நிறுத்துங்க, அவன் உங்க சிரிப்பைத்தான் பாக்குறான். காதால கேக்குறதைவிட கண்ணால பாக்குறது இவங்களுக்கு நல்லா பதியும், அதுக்காக மொபைல் இமோஜியக் காட்டாதீங்க, வீட்டு ஆளுங்க போட்டோ காட்டுங்க. முகத்தைப் பாத்து ஆபத்தைப் புரிஞ்சுக்க முடியாத பிள்ளைக்கு யாரு கூட போலாம், யாரு தொடலாம்னு ரூலா சொல்லித்தரணும், "பாத்து நடந்துக்கோ"ன்னா அவனுக்கு ஒண்ணும் புரியாது.

அந்த அப்பாகிட்ட அடுத்த செஷனுக்கு அவரோட நாலு போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லிருக்கேன். பயந்த போட்டோக்கு நடிக்க வரலன்றார், லேப்டாப் சர்வீஸ் பில்லை கையில வெச்சுட்டு எடுங்க சார்னு சொன்னேன்.