சொந்தமாக பேஸ் பெட்டி அடிக்கும் தம்பிகளுக்கு

ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீராம்புரம், அல்சூர் பக்கமெல்லாம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அது ஓய்வதற்குள் விநாயகர் சதுர்த்தி. பெங்களூரில் ஸ்பீக்கர் ரீகோனிங் (கெட்டுப்போன ஸ்பீக்கரின் உள்பாகங்களை மாற்றும் வேலை) செய்கிற என்னிடம் செத்துப்போன 18 இஞ்ச் ஸ்பீக்கர்கள் அதிகம் வருவது இந்த மாதங்களில்தான். கொண்டு வருகிறவர்களில் பலர் நம் தமிழ்ப் பிள்ளைகள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, யூடியூபில் ஒரு வரைபடம் பார்த்து, பிளைவுட் வாங்கி, மொட்டை மாடியில் தாங்களே பேஸ் பெட்டி அடித்தவர்கள். “அண்ணா, டூப்ளிகேட் ஸ்பீக்கரைத் தலையில கட்டிட்டாங்க” என்றுதான் பேச்சே தொடங்கும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் குற்றம் இருக்காது. பெட்டிதான் அதைக் கொன்றிருக்கும்.

எப்படிச் செத்தது என்பதை மேக்னட்டுக்குள் ஆடும் கம்பிச்சுருளான காயிலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுற்று முழுக்க ஒரே சீராகக் கறுத்து, வார்னிஷ் கருகிய வாடை அடித்தால் சூட்டில் போனது. தாங்குகிற அளவுக்கு மேல் பவர் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் ஆம்ப் கிளிப் ஆகிக்கொண்டே, அதாவது தன் சக்திக்கு மேல் போய் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ஓடியிருக்கும். காயிலின் ஒரு பக்கம் மட்டும் உரசித் தேய்ந்திருந்தால், மட்டமில்லாத முன்பலகையில் ஸ்க்ரூவை முறுக்கி ஸ்பீக்கரின் சட்டமே கோணியிருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவது வகைதான் வீட்டில் அடித்த பெட்டிகளிலிருந்து அதிகம் வருவது. காயில் செம்பு நிறம் மாறாமல் பளபளவென்று இருக்கும். அது சுற்றியிருக்கும் குழாயான ஃபார்மரின் அடி விளிம்பு மட்டும் நசுங்கி, வெளிப்பக்கமாக மடங்கியிருக்கும். காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் துணி வளையமான ஸ்பைடர் கிழிந்திருக்கும் அல்லது பசை விட்டிருக்கும். அதாவது முன்னும் பின்னும் ஆடிச் சத்தம் எழுப்பும் கூம்பான கோன் எல்லை மீறி உள்ளே போய், ஃபார்மர் மேக்னட்டின் அடித்தட்டில் திரும்பத் திரும்ப மோதியிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது? போர்ட் (காற்று போய்வரும் திறப்பு) வைத்த பெட்டிக்கு டியூனிங் என்று ஒரு அலைவரிசை உண்டு. 40 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் சத்தத்தின் பெரும்பகுதி போர்ட் வழியாக வரும், கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். 40க்குக் கீழே இறங்கிவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிக்காது. கோன் முன்னால் வரும்போது காற்று போர்ட் வழியாக உள்ளே போய்விடும், பின்னால் போகும்போது வெளியே வந்துவிடும். கோன் பிடிமானம் இல்லாமல் துள்ளும். மேக்னட்டில் 1000 வாட்ஸ் என்று ஒட்டியிருப்பது காயில் தாங்கும் சூட்டின் கணக்கு. டியூனிங்குக்குக் கீழே அதில் ஒரு பங்கு பவரே கோனை எல்லை தாண்ட வைத்துவிடும்.

ஆகவே பெட்டியை ஸ்பீக்கரிலிருந்து தொடங்க வேண்டும். நம் பிள்ளைகள் கம்பெனிப் பெட்டியின் வெளி அளவை டேப் வைத்து எடுத்துக்கொண்டு, அதில் வேறு ஸ்பீக்கரைப் பொருத்துகிறார்கள். ஒரே 18 இஞ்ச் ஆனாலும் ஒவ்வொரு மாடலுக்கும் குணம் வேறு. அதைக் கணக்காக எழுதிக்காட்டும் வழி 1961இலேயே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கியதை 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினார். ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் அலைவரிசை), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கும் என்பதன் எண்), விஏஎஸ் (கோனின் துள்ளலுக்கு ஈடான காற்றின் அளவு) என்று இருப்பவை அந்த தீல்-ஸ்மால் அளவுகள்தான். க்யூடிஎஸ் 0.4ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் போர்ட் பெட்டிக்குப் பொதுவாக ஒத்துவரும். 0.5ஐத் தாண்டினால் மூடிய பெட்டி நல்லது. வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் இந்த எண்களைப் போட்டால் எத்தனை லிட்டர், எந்த டியூனிங், கோன் எவ்வளவு ஆடும் என்று வரைந்தே காட்டும். அளவுத் தாள் தர மறுக்கும் கடையில் ஸ்பீக்கர் வாங்காதீர்கள். எஸ்.பி. ரோட்டில் கடைக்கா பஞ்சம்?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கணக்கு 180 லிட்டர், 40 ஹெர்ட்ஸ் என்று வந்தால், 500 சதுர சென்டிமீட்டர் வாய் உள்ள போர்ட்டின் நீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். அந்த போர்ட்டே உள்ளே 17 லிட்டரைத் தின்றுவிடும். ஸ்பீக்கரின் பின்பகுதிக்கும் குறுக்குப் பலகைகளுக்கும் இன்னொரு 18 லிட்டர் ஒதுக்கினால் மொத்தம் 215. உள்ளளவு 54 அகலம், 70 உயரம், 57 ஆழம் என்றால் சரியாக வரும். இந்த 35 லிட்டரைக் கழிக்காமல் விடுவதால்தான் பல பெட்டிகளின் டியூனிங் தப்பிப்போகிறது. இடத்தை மிச்சப்படுத்த போர்ட் வாயைப் பாதியாக்கலாமா என்று கேட்பார்கள். 250 சதுர சென்டிமீட்டர் என்றால் 13 சென்டிமீட்டர் நீளமே போதும், டியூனிங்கும் அதே 40தான். ஆனால் அதே காற்று பாதி வாய் வழியாக இரட்டை வேகத்தில் போக வேண்டும். வால்யூம் ஏற்றினால் பேஸோடு சேர்ந்து புஸ்புஸ்ஸென்ற இரைச்சலும் வரும்.

அப்புறம், பிராசஸரில் (ஆம்புக்கு முன்னால் ஒலியைச் சீராக்கும் கருவி) ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது குறித்த அலைவரிசைக்குக் கீழே வருவதை வெட்டும் வடிகட்டி, போடாமல் போர்ட் பெட்டியை ஓட்டவே கூடாது. 40இல் டியூன் செய்த பெட்டிக்கு 35 ஹெர்ட்ஸ் பக்கம், அலைவரிசை பாதியாகும்போது 24 டெசிபெல் குறையும் சரிவில் வெட்டிவிடுங்கள். ரீமிக்ஸ் பாட்டுகளில் 30 ஹெர்ட்ஸ் வரைகூட சரக்கு இருக்கும். உங்கள் பெட்டியால் அதை வாசிக்க முடியாது, உடைய மட்டுமே முடியும்.

பிளைவுட்டுக்கு மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் போவீர்கள். எட்டுக்கு நாலு தாளின் மேல்முகத்தைப் பார்த்து மயங்காமல், ஓரத்தைப் பாருங்கள். நாலு ஓரத்தையும் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளடுக்குகளுக்கு நடுவே கறுப்பாக இடுக்குகள் தெரியும். அந்த இடைவெளி உள்ளே எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அது மேல் ஸ்பீக்கரின் போல்ட் வந்து உட்கார்ந்தால் பிடிப்பு இருக்காது, தளர்ந்த அடுக்கு பேஸுக்குக் கிர்ரென்று அதிரும், காற்றும் கசியும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொக்கையான இடத்தில் சத்தம் மாறுவது கேட்கும். பிர்ச் பிளைவுட் 18 மில்லிமீட்டரில் 13 அடுக்கு, பொக்கை மிகக் குறைவு. விலை கட்டுப்படியாகாவிட்டால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்கலாம், அதையும் ஓரம் பார்த்துத்தான். வாடகைக்குப் போகிற பெட்டிக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். ஒரு மழையில் நனைந்தால் ஊதிவிடும், மூலை உதிரும்.

பெரிய பலகையை வெறுமனே விடாமல், நடுவில் ஜன்னல்போல் ஓட்டை வெட்டிய குறுக்குப் பலகை ஒன்றைப் பெட்டிக்குள் நிறுத்தி நாலு பக்கமும் ஒட்டுங்கள். குறுக்குப் பலகை வைத்த 18 மில்லிமீட்டர் பெட்டி, அது இல்லாத 25 மில்லிமீட்டர் பெட்டியைவிட உறுதியாக நிற்கும், தூக்கவும் சுலபம். இணைப்புகளில் ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவி, பிதுங்கி வரும் அளவுக்குக் கிளாம்ப் போடுங்கள். காய்ந்த பிறகு பலகையைப் பிடித்து நிற்பது பசைதான்.

ஸ்பீக்கரைப் பொருத்தியதும் நேராகத் திருவிழாவுக்குக் கொண்டு போகாதீர்கள். கைபேசியில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, குறைந்த வால்யூமில் 60 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். கோன் மேல் விரல் நுனியை லேசாக வையுங்கள். ஒரு கட்டத்தில் ஆட்டம் அடங்கி, போர்ட்டிலிருந்து காற்று பலமாக வீசும். அதுதான் உங்கள் உண்மையான டியூனிங். 40க்குக் கணக்குப் போட்டு 47இல் நின்றால் எங்கோ அளவு தவறியிருக்கிறது. அதே டோன் ஓடும்போது ஊதுபத்தியை இணைப்புகள் ஓரமாகக் கொண்டு போங்கள். கசிவு இருக்கும் இடத்தில் புகை துடிக்கும்.

பெட்டியைவிட எனக்கு அதிகக் கவலை, அதை அடிக்கிறவர்களின் மூச்சு பற்றி. பிளைவுட் அறுக்கும்போது பறக்கும் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கையும் அதை ஒட்டிய சைனஸையும் தாக்குவது அது. பிளைவுட் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கர்ச்சீப் கட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரிகிற தூள் நிற்கும், நுரையீரல் வரை போகிற நுண்தூள் நிற்காது. என்95 முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில் வைத்து அறுங்கள். முடிந்ததும் விளக்குமாறால் பெருக்கித் தூளைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கதவு மூடிய அறையில் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரம்பம் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

சத்தத்துக்கும் சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபெல், இரவுக்கு 45. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் இதற்கு மேல் 10 டெசிபெல் வரைதான் போகலாம், எந்தப் பகுதியானாலும் உச்சம் 75. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் வைக்கக் கூடாது. பண்டிகைக்காக மாநில அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை.

“மீட்டர்ல பாத்துட்டோம்ண்ணா, கம்மியாத்தான் காட்டுது” என்று சொல்லும் தம்பிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதியில் இருப்பது ‘ஏ’ அளவுகோல். அது 40 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறக்குறைய 35 டெசிபெலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அந்த பேஸ் அலை ஒன்றின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். அடுத்த வீட்டுச் சுவர் அதைப் பெரிதாகத் தடுக்காது. மீட்டர் சரி என்று சொல்லும்போதே உள்ளே படுத்திருக்கும் கிழவிக்குக் கட்டில் அதிரும். பேஸை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவுகோல் உள்ள மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு வால்யூமை வையுங்கள்.

பெட்டிக்கு முன்னால் நின்று ஆடுகிறவர்களின் காதும் அப்படித்தான். 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்ஐஓஎஸ்எச் சொல்லும் எல்லை. 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும், 100 என்றால் 15 நிமிடம். நிகழ்ச்சி முடிந்த பிறகும் காதில் ஙொய் என்று கேட்டுக்கொண்டிருந்தால் எல்லை தாண்டியாயிற்று என்று அர்த்தம். பெட்டிக்கு முன்னால் சில அடி தள்ளிக் கயிறு கட்டி, குழந்தைகளை அதற்கு அந்தப் பக்கமே நிறுத்துங்கள். மிக்ஸர் பக்கம் இரவு முழுக்க நிற்கிற பையனுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நுரை இயர்பிளக் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.