தவறே நடக்காத வார்டு

1990களின் தொடக்கத்தில் எமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு ஆய்வு மாணவி, மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை எண்ணிப் பார்த்தார். இணக்கமாக வேலை செய்யும் குழுவில் தவறு குறையும் என்பது அவர் கணிப்பு. கணக்கோ தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன.

நல்ல குழுக்காரர்கள் கவனம் இல்லாதவர்களா என்ன? அவருடைய கணிப்பைப் பற்றி எதுவும் அறியாத ஓர் உதவியாளரை அனுப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சில வார்டுகளில் தவறை வாய்விட்டுப் பேசினார்கள். சிலவற்றில், பேசினால் வம்பு என்று இருந்துவிட்டார்கள்.

அந்த வம்பு எப்படியிருக்கும்? இரவு மூன்று மணி. ஒரே அளவு, ஒரே நிற மூடியோடு இரண்டு மருந்துக் குப்பிகள். ஊசியில் ஏற்றிய பிறகு லேபிளைப் பார்க்கிறார் நர்ஸ். வேறு மருந்து! கொட்டிவிட்டுச் சரியானதை எடுக்கிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதித் தர வேண்டுமா? படிவமோ நீளம், இன்னும் நாலு பேருக்கு மருந்து பாக்கி. எழுதினால் முதலில் வருவது “யார் டியூட்டி?” என்ற கேள்விதான். “இரண்டையும் ஏன் பக்கத்தில் வைத்தீர்கள்?” என்று யார் கேட்கப்போகிறார்கள்? போன முறை எழுதியதற்குப் பதிலே வரவில்லை. சரி, விடு என்று நகர்கிறார். குப்பிகள் அதே தட்டில், அடுத்த ஷிஃப்டுக்காக.

இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017இல் ஒரு நர்ஸ், மயக்க மருந்துக்குப் பதில் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்தார். தவறை நர்ஸே ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறை இல்லை, மூன்றாண்டு நன்னடத்தைக் காலம். அலட்சியம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த மற்ற நர்ஸுகள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்?

விமானத் துறை இதற்கு 1976இலேயே ஒரு வழி கண்டது. அமெரிக்க விமானிகள் தங்கள் தவறுகளை எழுதி அனுப்பும் இடம், அவர்களைத் தண்டிக்கும் அதிகாரமுள்ள அமைப்பு அல்ல, நாசா. பெயர் எழுதிய துண்டை மட்டும் கிழித்து, தேதி முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.