ஐப்பசிக்கு முன்னால் நிரப்ப வேண்டிய டப்பாக்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது நான் கடலோரக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில நாட்கள் காயங்கள்தான் வந்தன. ஓடு விழுந்த தலை, தகரம் கிழித்த கால், சாய்ந்த மரத்தை வெட்டப் போய் வெட்டுப்பட்ட கை. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் இன்றும் என் மனதில் நிற்கிறார்கள். வயிற்றுப்போக்கில் கண் குழிவிழுந்த குழந்தைகள். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பத்து நாளாகப் போடாத பெரியவர்கள்.

தலைசுற்றி விழுந்து, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பாட்டியிடம் "சாப்பாடு கிடைச்சுதா பாட்டி?" என்று கேட்டேன். "அரிசி இருந்துச்சு டாக்டரம்மா. மாத்திரைதான் கூரையோட போயிடுச்சு" என்றார்.

அன்று முதல், மழைக்காலச் சேமிப்பைப் பற்றி யாரிடம் பேசினாலும் நான் அரிசியில் ஆரம்பிப்பதில்லை. டெல்டாவில் பெரும்பாலான வீடுகளில் அரிசி இருக்கும். வயல் நெல்லாவது இருக்கும், ரேஷன் அரிசியாவது இருக்கும். நல்ல தண்ணீர், விடாமல் போட வேண்டிய மாத்திரை, அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடிய உணவு, ஈரமாகாத தீப்பெட்டி ஆகியவைதான் இல்லாமல் போகின்றன. இவை நான்கும் விலை குறைந்தவை என்பதால்தான், செய்யலாமே என்று உங்களிடம் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். இதற்காகப் பாட்டில் தண்ணீர் வாங்கி அடுக்க வேண்டாம். மூடியுள்ள 20 லிட்டர் கேன் இரண்டு போதும், மீதிக்குக் குடங்கள் இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வந்த அன்று அண்டா, குக்கர், தூக்குவாளி என வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் பிடித்து மூடி வையுங்கள். அவை குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பூச்சிமருந்து வந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். விவசாய வீடுகளில் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெள்ளத்தில் மூழ்கிய அடிபம்புத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு, வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். தேற்றான் கொட்டையை உரசிப் போடும் பழக்கம் நல்லதுதான், சேறு அடியில் தங்கும். ஆனால் கிருமி முழுக்கப் போய்விடாது, அதற்குப் பிறகும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். கொதிக்க வைக்க வழியில்லை என்றால் குளோரின் மாத்திரை. அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்து, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

அப்புறம் மருந்து. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், ஐப்பசி பிறக்கும் முன் செவிலியரிடம் சொல்லி வைத்து, ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைச் சீட்டை போனில் படம் எடுத்து வையுங்கள், அதன் நகல் ஒன்றும் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனதும் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலான இன்சுலின் பாட்டில்கள், திறந்த பிறகு வெயில் படாத குளிர்ந்த இடத்தில் சுமார் 4 வாரம் தாங்கும். ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் சின்ன மண்பானையை இறக்கி, அதற்குள் நனையாமல் வைத்தால் போதும். ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் கணக்கு என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு, டப்பா மேல் எழுதிவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். வீட்டில் ஆறாவது இருக்கட்டும். பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலப்பது தவறு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கைக்குழந்தை உள்ள வீட்டில் பால்பவுடர் வாங்கி அடுக்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பதற்றமாக இருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மழை வெள்ளத்தில் அதைவிடப் பாதுகாப்பான உணவு கிடையாது. அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அடிக்கடி மார்பில் போட்டால் பால் தானாகச் சுரக்கும். தாய்க்குத்தான் கூடுதலாகத் தண்ணீரும் சாப்பாடும் தர வேண்டும். பவுடர் கட்டாயம் தேவைப்படும் குழந்தையானால் கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து பாலாடையில் (பால் புகட்டும் மூக்குள்ள சின்னக் கிண்ணம்) கொடுங்கள். அந்த நாட்களில் பாட்டிலையும் ரப்பரையும் சுத்தமாக வைத்திருக்கவே முடியாது.

சாப்பாட்டுக்கு வருவோம். அடுப்பு எரியாத மூன்று நாளைக்கு நான் சொல்லும் கணக்கு இது: பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ அவல், 100 கிராம் வறுத்த நிலக்கடலை, 75 கிராம் வெல்லம். இதில் ஏறக்குறைய 1700 கலோரி கிடைக்கும், புரதமும் ஓரளவு சேரும். அவல் நனைக்கச் சுத்தமான தண்ணீர் மட்டும் வேண்டும். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 3 கிலோ அவல், ஒன்றேகால் கிலோ கடலை, ஒரு கிலோ வெல்லம். எங்கள் பகுதிக் கடைகளில் 500 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பொட்டுக்கடலை மாவில் வெல்லம் கலந்து கொடுக்கலாம். முழுக் கடலை தொண்டையில் சிக்கும், கொடுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் வெல்லத்தை ஒதுக்கி, கடலையும் பொட்டுக்கடலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலையில் பூஞ்சையோ கசப்போ தெரிந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

மூன்று நாளுக்குப் பிறகு அடுப்பு எரிந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் அரிசி, ரேஷன் துவரம்பருப்பு, பாமாயில், புளி, உப்பு, மிளகாய்த்தூள். குழம்புக்குக் காய் கிடைக்காது. சித்திரை வெயிலில் போட்ட வடகம், மோர் மிளகாய், கொத்தவரை வத்தல், ஊறுகாய், கருவாடு இவைதான் அப்போது கை கொடுக்கும். நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக வத்தல் போட்டு வந்தது இதற்காகவும்தான்.

ஒரே நாளில் இத்தனையும் வாங்குங்கள் என்று தினக்கூலி வீட்டாரிடம் என்னால் சொல்ல முடியாது. ஆடிப்பெருக்கன்று ஆரம்பித்தால் புரட்டாசி முடிய பத்துப் பதினோரு வாரம் இருக்கிறது. வாரம் 100 ரூபாய் ஒதுக்கினால் போதும். ஒரு வாரம் தீப்பெட்டிப் பண்டலும் டார்ச் பேட்டரியும், ஒரு வாரம் கடலை, ஒரு வாரம் சானிட்டரி நாப்கின், ஒரு வாரம் வெல்லம். அவலைக் கடைசியில் வாங்குங்கள், பழசானால் சிக்கு வாடை வரும். வாங்கியது தனிக் குவியலாகப் பரணில் தூங்கக் கூடாது. பழையது முன்னால், புதியது பின்னால் என்று வைத்து எடுத்துச் சமைத்துக்கொண்டே இருங்கள். மழை முடிந்து தை பிறந்தால் மீந்த வெல்லம் பொங்கல் பானைக்குப் போகும்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கஜாவுக்குப் பிறகு நான் போன வீடுகளில் தரையில் நிறுத்தியிருந்த 25 கிலோ மூட்டைகள் அப்படியே நனைந்து புளித்துக் கிடந்தன. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் காலி குளிர்பான பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து அரிசி, பருப்பு, தீப்பெட்டி எல்லாம் போட்டு இறுக மூடலாம், செலவே இல்லை. பருப்பில் இரண்டு காய்ந்த மிளகாயும் வசம்புத் துண்டும் போட்டால் வண்டு வராது. கூரை வீட்டுக்காரர்கள் மாத்திரை, ஓஆர்எஸ், ரேஷன் கார்டு, ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, முகாமுக்குக் கிளம்பும்போது முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.

கொஞ்சம் ரொக்கமும் வேண்டும், பத்து, இருபது, ஐம்பது நோட்டுகளாக. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையை வர்தா புயல் தாக்கியபோது பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, கரண்ட் இல்லாமல் கார்டு மெஷினும் ஓடவில்லை. இன்று போனில் பணம் கட்டிப் பழகிவிட்ட நமக்கும் டவர் போனால் அதே கதிதான்.

கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

போன் அணைந்த பிறகு எந்த எண்ணும் நினைவுக்கு வராது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. மார்க்கர் பேனா எடுத்து இந்த மூன்றையும் டிரம் மூடியில் பெரிதாக எழுதி, கீழே பக்கத்து வீட்டாரின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.