எக்ஸ்பெரிமென்டல் படத்துக்குத் தமிழ்ல என்ன பேரு?

போன மாசம் காரைக்குடி பக்கம் ஒரு ஃப்ரெண்டு வீட்டு முத்தத்துல வெள்ளை வேட்டிய இழுத்துக் கட்டி அஞ்சாறு குட்டிப் படம் போட்டோம், எல்லாமே வயலு, தோட்டம், கண்மாய்னு நாங்களே ஃபோன்ல எடுத்தது. வாட்சாப் நோட்டீஸ்ல 'வேளாண் சோதனைப் படங்கள்'னு நான்தான் டைப் பண்ணேன். அதப் பாத்துட்டு சித்தப்பா ஃபோன் போட்டு கேட்ட மொதக் கேள்வி: "யாருக்குடா சோதனை, பாக்குறவனுக்கா?"

சிரிச்சுட்டு வச்சிட்டேன், ஆனா அவரு கேட்டதுல தப்பே இல்ல. நம்ம ஊருல சோதனைன்னா ஒண்ணு சாமி குடுக்குறது, இல்ல ரெய்டு, இல்ல ரத்த டெஸ்ட்டு. சோதனைங்குறது 'சோதன'ங்குற வடசொல்லுல இருந்து வந்தது, அங்க அதுக்கு சுத்தப்படுத்துறதுன்னு அர்த்தம். முன்னாடி 'பரி' சேத்தா இன்னும் மோசம், காரைக்குடிக்காரனுக்கு பரிசோதனைன்னாலே ஊருல இருக்குற சிக்ரி ஆராய்ச்சி நிலையமும் கண்ணாடிக் குடுவையும்தான் கண்ணு முன்னாடி வரும். சினிமா பத்தி சீரியஸா எழுதுறவங்க 'பரீட்சார்த்தப் படம்'பாங்க, அதைச் சொல்லி முடிக்குறதுக்குள்ள இன்டர்வெல் விட்ருவாங்க. வெள்ளோட்டம்னு ஒரு அருமையான சொல்லு இருக்கு, புதுத் தேரை மொதல்ல இழுத்துப் பாக்குறது. ஆனா வெள்ளோட்டத்துக்குப் பின்னாடி நெசமான தேரோட்டம்னு ஒண்ணு வரணும்ல, இந்தப் படங்களுக்குப் பின்னாடி அப்படி எதுவும் வராது, இதுவேதான் தேரு.

இங்கிலீஷ் சொல்லோட வேரைப் பாத்தா அங்க லேபும் கிடையாது குடுவையும் கிடையாது. லத்தீன்ல எக்ஸ்பெரீரின்னா முயற்சி பண்ணிப் பாக்குறது, அவ்வளவுதான். எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பெர்ட் ரெண்டும் அதே வேருதான், அதாவது செஞ்சு பாத்து அனுபவப்பட்டவன். (ஃபிலிம்ங்குறதுக்கு பழைய இங்கிலீஷ்ல மெல்லிசான தோலு, சவ்வுன்னு அர்த்தம், நம்ம 'படலம்' கிட்டத்தட்ட அதேதான்.)

சரி, எக்ஸ்பெரிமென்டல்னா கதையே இல்லாம போரடிக்கிற படம்னு பல பேரு நினைக்கிறாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். கதை இருக்கா இல்லையாங்குறது இல்ல விஷயம், எடுக்குற முறையவே மாத்திப் போட்டா என்ன வருதுன்னு பாக்குறதுதான் அதுல மெயின். ரோஸ் லவுடர்னு ஒரு அம்மா ஃபிரான்ஸ்ல இருந்து படம் எடுத்தாங்க, 1990கள்ல 'பூச்செண்டு'ங்குற அர்த்தத்துல ஒரு வரிசை, ஒவ்வொண்ணும் 1 நிமிஷம். 16 மில்லிமீட்டர் ஃபிலிம், செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி ஸ்டில்லுன்னா நிமிஷத்துக்கு 1,440 வருதுல்ல, அதை அவங்க ஒவ்வொரு ஃப்ரேமா எடுக்குறாங்க. இயற்கை விவசாயப் பண்ணைக்குப் போயி ஒரு பூவை இங்க ஒரு ஃப்ரேம் அங்க ஒரு ஃப்ரேம்னு விட்டு விட்டு எடுத்துட்டு, கேமராவுலயே ஃபிலிமைப் பின்னாடி சுத்திட்டு வந்து, விட்ட எடத்துல எல்லாம் வேற செடிய, வேற மூலைய நிரப்புவாங்க. ஓட்டிப் பாத்தா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படபடன்னு துடிக்குற மாதிரி தெரியும்.

இதை சித்தப்பாகிட்ட விளக்குனேன். அரை நிமிஷம் யோசிச்சுட்டு "கடலைக்கு நடுவுல துவரை போடுற மாதிரின்னு சொல்லு"ன்னாரு. ஊடுபயிரு! இவ்வளவு நாளா படிச்சும் எனக்குத் தோணல.

அதே பேச்சுல அவரு வாயிலயே எனக்கு வேண்டிய சொல்லும் வந்துச்சு. அவரு மானாவாரி செம்மண்ல போன வருஷம் ஏதோ ஒரு புது எள்ளு வெதை போட்டாரு, ஏன் சித்தப்பா அதைப் போட்டீங்கன்னா, "போட்டுப் பாப்போம்டா, வந்தா எள்ளு, வரலேன்னா போகுது". போட்டுப் பாரு, நட்டுப் பாரு, செஞ்சு பாரு. எந்த வினைக்கும் பின்னாடி 'பார்' வந்து ஒட்டுனா தமிழ்ல அதுதான் எக்ஸ்பெரிமென்ட். படத்தையும் நாம 'பாக்க'த்தான் செய்றோம். முயற்சிக்கும் பார்வைக்கும் ஒரே வினை, இங்கிலீஷ்காரனுக்கு இந்த வசதி கெடையாது. வேடிக்கை என்னன்னா பரீட்சைங்குற வடசொல்லைப் பிரிச்சாலும் உள்ள 'ஈக்ஷ்', பாக்குறதுதான் இருக்கு, அப்ப எதுக்கு சுத்திக்கிட்டு.

இந்த ஜோருல முளைப்பாரியில இருக்குற 'பாரி'யும் இதே பார்தான்னு எழுதிரலாம்னு கை துறுதுறுன்னு வந்துச்சு. இருட்டு ரூமுல ஓட்டுல வெதை போட்டு, வெளிச்சம் படாம வெளிர் மஞ்சளா மொளைச்சு வர்றது, கிட்டத்தட்ட டார்க் ரூமேதான், எந்த வெதை நல்லா மொளைக்குதுன்னு பாக்கத்தான் அந்தக் காலத்துல இப்படி வச்சாங்கன்னும் சொல்வாங்க. ஆனா பழைய பேரு முளைப்பாலிகை, சிலப்பதிகாரத்துலயே பாலிகை வருது. ஆசைக்காக வேரை இழுத்து முடிச்சுப் போடக் கூடாது. (முளைப்பாரிய டைம்லாப்ஸ் எடுக்கலாம்னும் கேட்டுப் பாத்தேன், அப்பத்தா ஃபோனைப் புடுங்கி அரிசி டப்பாவுல போட்ருச்சு.)

அதனால என் ஓட்டு 'செய்துபார் படம்'. எழுத்துல 'செய்து', பேச்சுல 'செஞ்சு', எது வசதியோ அது. கீத்துக் கொட்டகை ஸ்டுடியோ போட்டு 1947ல வந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்த ஊரு இது, ஏவிஎம் படத்தை யாரும் எக்ஸ்பெரிமென்டல்னு சொல்ல மாட்டாங்கதான், ஆனா காரைக்குடியில உக்காந்து சினிமா எடுக்கலாம்ங்குறதே அன்னைக்கு 'பண்ணிப் பாப்போம்' கேஸுதான்.

அடுத்த நோட்டீஸை 'வயக்காட்டுல செஞ்சு பாத்த படங்கள்'னு மாத்தி அனுப்பினேன். சித்தப்பா இந்த தடவை ஒண்ணும் கிண்டல் பண்ணல, எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டாரு.